மண்ணில் விட்ட தண்டு

மகளைப் பார்க்கப் போகும்போது என்ன வாங்கிப்போவது என்பதில் அவளுக்குக் குழப்பமே கிடையாது. தோல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வாழைப்பழம் ஆகும், ஆரஞ்சு ஆகும், ஓட்டோடு அவித்த முட்டை ஆகும். ஓட்டில் சின்னக் கீறல் விழுந்திருந்தாலும் ஆகாது. மகள் முட்டையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்ப்பாள். பிறகு தானே தட்டி, தானே உரித்து, முதுகைக் காட்டிக்கொண்டு தின்பாள்.

அது நாத்தனார் வீட்டு முன்னறை. தையல் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முக்காலி போட்டிருக்கும். வந்தவள் அதில் உட்கார வேண்டும். கால் நீட்ட இடமில்லை. தரையெல்லாம் வெட்டுத்துணி. நாத்தனார் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே பேசுவாள்.

"என்ன அண்ணி, இன்னிக்கும் முட்டையா? உள்ள ஊசி கீசி போட்டு எதையாவது ஏத்திட்டு வரலையே?"

துணி வாங்க வந்திருந்த பெண் சிரித்தாள். முக்காலியில் இருந்தவள் சிரிக்கவில்லை. "இல்ல" என்றாள், நீதிமன்றத்தில் சொல்வது போல. பதில் சொல்லாமல் விட்டால் குழந்தை அதை நிஜமென்று எடுத்துக்கொள்ளும் என்ற பயம் அவளுக்கு. பத்து வயதுக் குழந்தை. பெற்றவள் கையால் ஒரு வாய் வாங்கித் தின்று ஒரு வருஷம் ஆகப்போகிறது. அந்த ஒரு வாய்தான் அவளுக்கு வேண்டும். உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம்.

ஊரில் அவளைக் காளான்காரி என்றால்தான் தெரியும். சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவளுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். நடந்தது இதுதான்.

அவள் கணவன் மரக்கிடங்கில் சுமை ஏற்றுகிறவன். வாய் ஓயாத மனிதன். வீட்டுக்குள் வரும்போதே ஏதாவது பாடிக்கொண்டுதான் வருவான். கிடங்கைத் தாண்டினால் காடு. மழை விட்ட மறுநாள் அவன் குடும்பத்தார் காளான் பறிக்கப் போவது மூன்று தலைமுறை வழக்கம். பெரிய மரங்களின் அடியில் முளைக்கும், பச்சை படர்ந்த தொப்பி உள்ள ஒரு காளான். அதைப் பச்சைக்குடை என்பார்கள். அதைப் பறிப்பதற்கு அந்தக் குடும்பத்துக்கென்று ஒரு முறை உண்டு. தொப்பியை மட்டும் கத்தியால் அறுத்துக்கொள்வார்கள். தண்டு தின்ன லாயக்கில்லை, அதோடு தண்டை விட்டால்தான் அடுத்த வருஷம் அதே இடத்தில் முளைக்கும் என்பது அவர்கள் கணக்கு. அவன் தாத்தா அப்படித்தான் செய்தார். அப்பா அப்படித்தான் செய்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஒன்றும் ஆகவில்லை என்பதற்கும் தெரியும் என்பதற்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தக் குடும்பம் அதைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிக்கொண்டிருந்தது. காலில் தட்டாதவரை அதைத் திறமை என்று சொல்லிக்கொண்டது.

அன்று சாயங்காலம் அவன் துணிப்பை நிறையக் கொண்டுவந்தான். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. அவள் ஒரு தொப்பியை எடுத்து விளக்கின் அடியில் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, இது நாம எடுக்கறதுதானா? தொட்டா ஒரு மாதிரி வழவழன்னு இருக்கே."

"மழையில நனைஞ்சா வழவழன்னுதான் இருக்கும். நீ நனையாமலே வழவழன்னு பேசறே, நான் ஏதாவது கேட்டேனா?"

"தண்டு ஒண்ணு எடுத்துட்டு வந்திருக்கலாம்ல?"

"தண்டை என்னிக்குடி கொண்டுவந்திருக்கோம்? எங்க தாத்தா மேலயே சந்தேகமா உனக்கு?" என்று சிரித்தான். சிரித்தபடியே விரலில் கிடந்த வெள்ளி மோதிரத்தைக் கழற்றிச் சட்டையில் துடைத்து வாணலியில் போட்டான். காளான் வதங்கி நீர் விட்டுக் கொதித்தது. கரண்டியால் மோதிரத்தை வெளியே எடுத்தபோது பளபளவென்று இருந்தது. "பாத்தியா? விஷம்னா கறுத்திருக்கும். கறுக்கல!" மகள் கைதட்டினாள்.

வெள்ளி கந்தகம் பட்டால் கறுக்கும். அழுகிய முட்டைக்குக்கூடக் கறுக்கும். அந்தக் காளானில் இருந்த விஷத்துக்கும் வெள்ளிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது வதக்கினாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது, காயவைத்தாலும் போகாது. பூச்சி தின்றிருக்கிறதே என்று பார்த்தும் பயனில்லை. பூச்சியின் வயிறு வேறு, மனிதனின் வயிறு வேறு. இத்தனையும் பாடப்புத்தகத்தில் நாலு வரியில் அடங்கும். ஆனால் மோதிரத்தை நம்புகிறவர்கள் வீட்டுக்கு அந்த நாலு வரியைக் கொண்டுபோய்ச் சேர்க்க யாருக்கும் அக்கறை இருந்ததில்லை.

மகள் ஒரு துண்டைத் தின்றுவிட்டு, "கொழகொழன்னு இருக்குப்பா" என்று மிச்சத்தை அப்பா தட்டில் தள்ளினாள். அவன் ரசித்துத் தின்றான். அந்த வீட்டில் சமைத்தவள் கடைசியில், மிஞ்சியதைத்தான் சாப்பிடுவாள். எத்தனையோ வீடுகளில் அப்படித்தான், அதை யாரும் கொடுமை என்று சொல்வதுகூட இல்லை. அன்று அவன் வாணலியையே ரொட்டியால் துடைத்துத் தின்ற பிறகுதான் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"அய்யய்யோ, உனக்கு?"

"எனக்கு ரொட்டி இருக்கு."

"கோச்சுக்காதே. அடுத்த மழைக்கு மொதல் தட்டு உனக்குத்தான்."

விடிந்தபோது அவனும் மகளும் மாறி மாறி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தெருமுனை மருத்துவமனையில் அவள் முதலில் சொன்ன வார்த்தையே காளான் என்பதுதான். இளம் டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எப்ப சாப்பிட்டாங்க?"

"நேத்து சாயங்காலம் சார்."

"காளான் விஷம்னா ரெண்டு மணி நேரத்துல காட்டிடும்மா. ராத்திரி முழுக்கத் தூங்கிட்டு விடிஞ்சப்புறம் வந்தா அது கெட்ட தண்ணி."

தலைகீழாகத் தெரிந்துவைத்திருந்தார் அந்த மனிதர். உடனே வயிற்றைக் கலக்குகிற காளான்கள் பெரும்பாலும் ஆளை விட்டுவிடும். கொல்லுகிறதுதான் பல மணி நேரம் ஆடாமல் அசையாமல் இருந்துவிட்டு வரும். குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறுநாள் வாந்தி நின்றது. அவன் எழுந்து உட்கார்ந்து தேநீர் கேட்டான், நர்ஸைக் கிண்டல் செய்தான். மாலையில் இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தன் வேண்டுதல் பலித்தது என்றாள் நாத்தனார். மனைவியும் அன்று சந்தோஷமாகத்தான் இருந்தாள். அவன் தலையணையைத் தட்டிப் போட்டாள், அவன் பாடியதைக் கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவினாள். அவன் உடம்புக்குள் கல்லீரல் கொஞ்சம் கொஞ்சமாக அவிந்துகொண்டிருந்தது.

அடுத்த நாள் கண் மஞ்சளானது. பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: "அந்தக் காளானுக்கு அடியில, மண்ணுக்குள்ள, பை மாதிரி ஏதாவது இருந்துச்சா?"

"தொப்பியைத்தான் மேடம் கொண்டுவந்தாரு."

"தண்டு அங்கேயே இருக்குமா? போய்த் தோண்டி எடுத்துட்டு வாங்க. வேரோட. பிளாஸ்டிக்ல போடாதீங்க, வேர்த்து அழுகிடும். காகிதத்துல சுத்துங்க. தொட்டா ஒண்ணும் ஆகாது, ஆனா கையைக் கழுவாம வாய்ப்பக்கம் கொண்டுபோகாதீங்க."

அவள் பேருந்துக்கு நிற்காமல் ஓடினாள். தலை அறுபட்ட தண்டுகள் புருஷன் சொன்ன மரத்தடியில் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் மேலே, கிழிந்த பாவாடை மாதிரி ஒரு வளையம் தொங்கியது. பழைய கரண்டியால் சுற்றிலும் மண்ணைக் கிளறி ஒன்றை முழுதாகத் தூக்கினாள். அடியில் குண்டாகப் பருத்திருந்தது. அந்தக் குண்டைச் சுற்றி வெள்ளையாக, உடைந்த முட்டை ஓடு போல ஒரு பை. அவர்கள் வழக்கமாகத் தின்னும் பச்சைக்குடைக்கு வளையமும் கிடையாது, பையும் கிடையாது. அதன் தண்டு சுண்ணாம்புக்கட்டி மாதிரி பட்டென்று ஒடியும். இது ஒடியவில்லை, நாராக வளைந்தது. தாத்தா காலத்திலிருந்து தண்டைப் பாராமல் அறுத்துவந்த அந்தக் குடும்பத்தின் வீட்டுக்கு இது அதுவரை வராமல் போனது வெறும் அதிர்ஷ்டம். அடையாளம் அத்தனையும் கழுத்துக்குக் கீழே இருந்தது. அவர்கள் கழுத்தோடு அறுத்துக்கொண்டு போனார்கள்.

டாக்டரம்மா காகிதத்தைப் பிரித்துப் பார்த்தார். முகம் வாடியது. "இதேதான்" என்றார். "இது ரொம்பக் கெட்டதும்மா. மொதல்ல ஒண்ணுமே காட்டாது. அப்புறம் வரும், அப்புறம் சரியான மாதிரி இருக்கும். நல்லாயிட்டோம்னு நம்பவெச்சுட்டுத்தான் கைவைக்கும். அந்த ஒரு நாளை நாம விட்டுட்டோம்."

பக்கத்துக் கட்டிலில் மகள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்றுதான் நினைத்தார்கள்.

ஒரு துண்டு தின்றவள் பிழைத்தாள். வாணலியைத் துடைத்தவன் பிழைக்கவில்லை.

பிறகு விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் கேட்டது ஒரே கேள்விதான். அதையே திருப்பித் திருப்பிக் கேட்டார். "நீ ஏம்மா சாப்பிடல?"

"மிச்சம் இல்ல சார்."

"மோதிரம் போட்டுப் பாத்தீங்களாமே. அப்போ சந்தேகம் இருந்திருக்கு. சந்தேகத்தோட புருஷனுக்கும் புள்ளைக்கும் எடுத்து வெச்சே, நீ மட்டும் ரொட்டி தின்னே. அப்படித்தானே?"

காலமெல்லாம் மிஞ்சியதைத் தின்றவளிடம், அன்று மிஞ்சாததற்குக் கணக்குக் கேட்டார்கள். கடைசியில் உட்காரச் சொன்னதும் இவர்கள்தான், கடைசியில் உட்கார்ந்து உயிர் பிழைத்ததைக் குற்றம் என்றதும் இவர்கள்தான். டாக்டரம்மா அந்தத் தண்டைக் காட்டிச் சொன்ன பிறகு போலீஸ் வழக்கை மூடிவிட்டது. நாத்தனார் மூடவில்லை.

"மூணு தலைமுறையா தின்னுருக்கோம், ஒருத்தருக்குத் தலைவலி வந்ததில்ல. எங்கண்ணன் நல்லதைத்தான் கொண்டுவந்தான். அடுப்படியில என்ன நடந்துச்சோ, அது அவளுக்குத்தான் வெளிச்சம்."

அவளைக் குற்றவாளி ஆக்காவிட்டால் தாத்தா குற்றவாளி ஆகவேண்டும். அண்ணன் தன் கையாலேயே சாவைச் சுமந்துவந்தான் என்று ஆகவேண்டும். நாத்தனாருக்கு அதற்குத் தெம்பில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்த அன்று, "யார்கூட வரே?" என்று கேட்டபோது மகள் அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

சலவைக்கூடத்தில் மதியச் சாப்பாட்டுக்கு யாரும் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. நீராவி இயந்திரத்தின் சத்தத்தில், சாப்பிட்டோம் என்று பேர் பண்ணிக்கொண்டு எழுந்துவிடுவாள். விரிப்பின் மறுமுனையைப் பிடித்து அவளோடு மடிக்கிற ஒருத்தி மட்டும் ஒருநாள் டப்பாவைப் பிடுங்கினாள்.

"குடுடி இங்க. வீட்டுல மாமியார் சமையல் தின்னு தின்னு எனக்கு எந்த விஷமும் ஏறாது." பாதியைத் தின்றுவிட்டு, "உப்பு பத்தல, காளான்காரி" என்றாள். பெயர் அப்படித்தான் வந்தது. அவள் வாயில் அது திட்டாக இல்லை. மற்றவர்கள் வாய்க்குப் போனதும் திட்டானது.

இன்னொன்றும் நடந்தது. மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கிடங்குக்குப் பின்னால் காட்டுப்பாதையில் நின்று, வருகிறவர்கள் கூடையை மறித்தாள். தொப்பி மட்டும் இருந்தால், "தண்டு எங்க? வேரோட எடுத்தியா?" என்று கேட்பாள். சிலர் ஒதுங்கிப் போனார்கள். சிலர், "அப்ப எது நல்லதுன்னு நீயே சொல்லேன்" என்று மடக்கினார்கள்.

"நல்லது எதுன்னு எனக்குத் தெரியாது. கொல்லுறது ஒண்ணு எப்படி இருக்கும்னு மட்டும் தெரியும். சந்தேகம் வந்தா மோதிரம் போடாதீங்க. குப்பையில போடுங்க."

மறு வருஷத்து மழை பெய்தது. அவள் நாத்தனாரிடம் போய், மகளை ஒரு மணி நேரம் காட்டுக்கு அனுப்பச் சொன்னாள். குண்டூசிகளுக்கு நடுவே வாய் கோணியது. "எதுக்கு? இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குன்னா?" ஆனால் மகளே செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

அதே மரத்தடியில் அதே காளான் முளைத்திருந்தது. அவள் கரண்டியை மகளிடம் கொடுத்தாள். மகள் குந்தி உட்கார்ந்து மெல்லத் தோண்டினாள். பை வெளியே வந்தது. விரல் நுனியால் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்பா இதை வெட்டிட்டு வந்தாரா?"

"ஆமா."

"அப்பாவுக்குத் தெரியாதா?"

"தெரியாதுடா. எனக்கும் தெரியாது. தாத்தாவுக்கும் தெரியாது."

"நீ தண்டு எங்கன்னு கேட்டேல்ல? எனக்கு ஞாபகம் இருக்கு. அத்தைகிட்ட சொன்னேன், அத்தை நம்பல." கையை மண்ணில் தேய்த்தாள். பிறகு அம்மாவின் சேலையில் தேய்த்தாள். "நான் வீட்டுக்கு வரேன்மா."

அவள் அழவில்லை. அழுதால் குழந்தை மனம் மாறிவிடுமோ என்று பயந்தாள். தண்ணீர்க் குழாயடியில் இருவரும் நகக்கண் வரை தேய்த்துக் கழுவினார்கள்.

வீட்டில் உருளைக்கிழங்கு வேகவைத்து மசித்து, முட்டையை உடைத்துப் போட்டுக் கிளறினாள். மகள் தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். கையில் எடுத்தாள். உதடு வரை கொண்டுபோனாள். அங்கேயே கை நின்றது.

"நம்பறேன்மா. நெஜமா நம்பறேன். வாய்க்குள்ள போகமாட்டேங்குதும்மா."

"வேணாம், விட்டுடு."

"கோவமா?"

"இல்லடா."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஆஸ்பத்திரி டாக்டரம்மா மாதிரியே நிதானமாகச் சொன்னாள்: "நீ இன்னிக்குச் சாப்பிடு. மிச்சத்தை டப்பாவுல போட்டு ஃப்ரிட்ஜ்ல வை. நாளைக்கு நீ நல்லா இருந்தா, நான் சாப்பிடறேன்."

எங்கே கற்றுக்கொண்டாள் என்று அவளுக்குப் புரிந்தது. கண்ணை மூடிப் படுத்திருந்த கட்டிலில், முதலில் ஒன்றுமே காட்டாது என்று டாக்டரம்மா சொன்னதைக் கேட்டுக்கொண்டு. அவள் தட்டை இழுத்து மகளின் கண்ணெதிரே தின்றாள். அன்றைக்கு மகள் ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்றுவிட்டுப் படுத்தாள்.

காலையில் மகள் அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். "கண்ணைக் காட்டு." கட்டைவிரலால் கீழிமையை இழுத்து வெள்ளையைப் பார்த்தாள். ஒரு கண், பிறகு மறு கண். டப்பாவைத் திறந்து சூடு பண்ணச் சொன்னாள். ஒரு வாய் போட்டாள், விழுங்கினாள், அடுத்த வாய் போட்டாள். ஒரு வருஷமாகக் காத்திருந்த வாய் அது. நேற்றைய சாப்பாடு. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்படியே நாள்கள் போயின. அந்த வீட்டில் குழந்தை எப்போதும் ஒரு நாள் பின்னால் சாப்பிட்டாள். மடிப்புக்காரி மட்டும் விஷயம் தெரிந்து, "ராஜாக்களுக்கு இருந்த வசதிடி உன் புள்ளைக்கு, தின்னு பாத்துச் சொல்ல ஆள் வெச்சிருக்கா" என்று சிரிக்க வைக்கப் பார்த்தாள். அவள் சிரித்தாள்கூட. ஆனால் உடம்பை எந்நேரமும் கவனித்துக்கொண்டாள். தும்மல் வந்தால் குளியலறைக்குள் போய்த் தும்மினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார அவளுக்கு உரிமையில்லை. அவள் சோர்ந்தால் மகள் பட்டினி.

ஒருநாள் சலவைக்கூடத்திலிருந்து நனைந்து வந்தாள். விடிந்தபோது உடம்பு அனலாகக் கொதித்தது. மகள் எழுமுன் எழுந்து முகம் கழுவித் தலை வாரி, அடுப்படியில் நேராக நின்றுகொண்டாள். மகள் வந்தாள். கீழிமையை இழுத்த விரல் அப்படியே நின்றது.

"சுடுதே."

"இஸ்திரிச் சூடுடா. இன்னும் இறங்கல."

"பொய் சொல்லாதே."

மகள் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். டப்பாவை எடுத்துப் பார்த்தாள். திறக்காமல் பழைய இடத்திலேயே வைத்தாள். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் படுக்க வைத்தாள். அலமாரியைத் துழாவி ஒரு மாத்திரையும் ஒரு தம்ளர் தண்ணீரும் கொண்டுவந்தாள். அம்மா வாங்கி வாயில் போட்டு விழுங்கினாள்.

"என்ன மாத்திரைன்னு பாக்கவே இல்லையே நீ."

"நீதானே குடுத்தே."

மகள் தம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு மாத்திரை அட்டையைத் தேடி எடுத்துவந்து, அதன் பின்பக்கம் இருந்த பெயரை எழுத்துக் கூட்டி அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். "காய்ச்சல் மாத்திரைதான்மா. சரியாப் பாத்துத்தான் எடுத்தேன். பயப்படாதே."

"பயமில்லடா. நீ ஏதாவது சாப்பிடு. பழம் இருக்கா பாரு."

"பழம் தீந்துபோச்சு. நாளைக்குச் சாப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு, மகள் வெறும் வயிற்றோடு பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.